நெல் ஊறிய தண்ணீர்

ஒரு தொன் நெல்லைப் புழுங்கல் அரிசியாக்க முதலில் அதை ஊறவைக்க வேண்டும். அதற்கு 1,200 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் போகும். அதில் நெல் எவ்வளவைக் குடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலைக்கு வரும் காய்ந்த நெல்லின் ஈரப்பதன் 14 வீதம். அவிக்கும் பதத்துக்கு ஊறிய நெல்லில் 30 வீதம். இந்த இரண்டு எண்களின்படி ஒரு தொன் நெல் உள்ளே இழுப்பது 230 லீற்றர் அளவில்தான். மிச்சம் கிட்டத்தட்ட 1,000 லீற்றர், அதாவது நெல்லின் எடைக்குச் சமமான தண்ணீர், தொட்டியின் அடிக்குழாயைத் திறந்ததும் மஞ்சளாக வெளியே வருகிறது. ஒரு நாளைக்கு 20 தொன் அவிக்கும் ஆலையென்றால் 20,000 லீற்றர்.

வன்னியில் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிப் பேசுபவர்கள் இந்த மஞ்சள் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ பெரிய சாயப்பட்டறைகள் இல்லை. தோல் பதனிடும் ஆலைகளும் இல்லை. கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகள் வெளியிலிருந்து வரும் துணியை வெட்டித் தைத்து அனுப்புபவை. அங்கே வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோரின் கழிப்பறை, சமையலறைத் தண்ணீர்தான் அவற்றின் கழிவுநீர். ஆனால் நெல் இருக்கிறது, குளங்கள் இருக்கின்றன, போருக்குப் பிறகு மீண்டும் எழும்பிய ஆலைகள் இருக்கின்றன.

விளைந்த நெல்லில் பெரும்பகுதி நெல்லாகவே லொறியேறித் தெற்கே போய், அங்கே அரிசியாகி, பெயரும் விலையும் மாறித் திரும்பி வருகிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குறை. இங்கேயே ஆலைகள் பெருக வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆலை வந்தால் அதன் வாய்க்காலும் கூடவே வரும். பொலனறுவையில் ஓடிய மஞ்சள் தண்ணீர் இனிப் பரந்தனில் ஓடும்.

பழைய முறை ஆலையொன்றின் ஊறல் தொட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் என்ன நடக்கிறதென்பது விளங்கும். சீமெந்துத் தொட்டி, வாய்வரை நெல், அதற்கு மேலே நாலு விரற்கடை தண்ணீர். முதல் நாள் பதரும் தூசியும் மிதக்கும். இரண்டாம் நாள் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்து உடையும். ஓரங்களில் நுரை ஒதுங்கும். மூன்றாம் நாள் புளித்த கஞ்சி மணம் மூக்கில் ஏறும். நெல்லின் தவிட்டுப் படையிலிருந்து சீனியும் புரதமும் பொசுபரசும் பொட்டாசியமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குகின்றன. காற்றிலும் உமியிலும் இருந்த பற்றீரியாக்களுக்கு அது விருந்து. அவை சீனியைத் தின்று அமிலமாக்குகின்றன. நல்ல தண்ணீரின் பிஎச் பெறுமானம் 7. மூன்றாம் நாள் ஊறல் தண்ணீரில் அது 5 இற்கும் கீழே இறங்கிவிடும். பிறகு இந்தத் தண்ணீர் வாய்க்காலில் தேங்கி நின்றால் வேறு வகைப் பற்றீரியாக்கள் பியூற்றிரிக் அமிலத்தையும் ஐதரசன் சல்பைட்டையும் உண்டாக்கும். அயலவர்கள் பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதுவது அந்தக் கட்டத்தில்தான்.

அவித்தல் என்ற செயலின் பெருமையும் இதே தண்ணீரில்தான் இருக்கிறது. தவிட்டிலுள்ள விற்றமின் பி1 ஊறும்போதும் ஆவியில் வேகும்போதும் அரிசியின் உட்பகுதிக்கு நகர்கிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. தீட்டிய பச்சையரிசியையே நம்பி வாழ்ந்த ஊர்களை பெரிபெரி நோய் வாட்டியபோது புழுங்கல் அரிசி தின்ற ஊர்கள் தப்பியது இதனால். உள்ளே போகும் சத்தோடு ஒரு பங்கு வெளியேயும் கசிகிறது. கழிவுநீர் என்று நாங்கள் விடுவது அந்தப் பங்கைத்தான். அதில் நஞ்சு என்று சொல்ல எதுவும் இல்லை.

அப்படியானால் ஏன் கேடு? தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாகத்தான் கரையும் என்பதால். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் வன்னிக் குளத்துத் தண்ணீரில் லீற்றருக்கு 7.5 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் நிற்காது. ஊறல் தண்ணீரின் சேதனப் பொருளைப் பற்றீரியாக்கள் தின்று முடிக்க லீற்றருக்கு 1,000 முதல் 2,500 மில்லிகிராம் வரை ஒட்சிசன் வேண்டும். இதைத்தான் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்கிறார்கள், சுருக்கமாக பிஓடி. மாதிரியை 20 பாகையில் 5 நாள் வைத்து அளக்கும் இந்த முறை பிரித்தானியாவில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழுவோடு நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைபெற்றது. அந்நாட்டு ஆறுகள் எவையும் கடலை அடைய 5 நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் அந்த 5 நாள் வந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எங்கள் குளத்துத் தண்ணீர் அங்குமிங்கும் ஓடிப்போவதில்லை, நிற்கிறது. வெப்பமும் 10 பாகை கூட. ஆகவே அங்கே 5 நாளில் நடப்பது இங்கே அதற்குள்ளாகவே நடந்துவிடும்.

நடுவான ஒரு எண்ணாக 1,500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் ஊறல் தண்ணீர் 200 லீற்றர் நல்ல தண்ணீரின் ஒட்சிசன் முழுவதையும் தின்றுவிடும். மீன் செத்து மிதப்பதற்கு நஞ்சு தேவையில்லை, மூச்சுமுட்டினால் போதும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு மனிதர் ஒரு நாளில் கழிக்கும் அழுக்கின் பிஓடி ஏறத்தாழ 54 கிராம் என்று பொறியியலாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தொன் நெல்லின் ஊறல் தண்ணீரில் 1,500 கிராம் இருக்கிறது. அது 28 பேருக்குச் சமம். நாளுக்கு 20 தொன் அவிக்கும் ஆலை, 550 பேர் வாழும் ஒரு கிராமத்தின் கழிவை ஒரேயொரு குழாயால் விடுகிறது. அந்தக் கிராமத்துக்கு மலசலகூடக் குழிகள் இருக்கின்றன. ஆலைக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு மண்வாய்க்கால்.

மண்ணுக்குள் இறங்கினாலும் அது மறைந்துவிடுவதில்லை. ஒட்சிசன் தீர்ந்த மண்ணில் இரும்பு கரையத் தொடங்கும். அயற்கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தால் சற்று நேரத்தில் சிவந்துபோவதற்கு அது ஒரு காரணம். தேங்கிய வாய்க்காலில் கியூலெக்ஸ் நுளம்பு பெருகும். டெங்கு நுளம்புக்கு ஓரளவு நல்ல தண்ணீர் வேண்டும். யானைக்கால் நோயைக் காவும் இந்த நுளம்புக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் இலங்கையை அறிவித்தது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் இந்த வாய்க்கால்களையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2008 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆறு, குளம், வாய்க்கால்களில் விடும் தண்ணீரின் பிஓடி லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே விதிமுறைகளில் இன்னொரு அட்டவணை உண்டு. கழிவுநீரை நிலத்துக்குப் பாய்ச்சுவதானால் 250 மில்லிகிராம் வரை விடலாம். கரைந்த உப்புகள் முதலான திண்மங்கள் மட்டும் 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆலைக்காரர்கள் முதல் அட்டவணையைப் பார்த்துப் பயந்து, இரண்டாவதை வாசிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 1,500 இலிருந்து 30 இற்கு இறக்குவது பெரிய வேலை. 250 இற்கு இறக்குவது ஒரு நல்ல தொட்டியால் முடியும்.

அதற்கு முன் செய்யக்கூடியது தண்ணீரைக் குறைப்பது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் வெந்நீரில் ஊறவைக்கும் முறையைப் பரப்பியது. 65 முதல் 70 பாகை வரை சூடான தண்ணீரில் மூன்றரை நாலு மணித்தியாலத்தில் நெல் ஊறிவிடும். புளிப்பதற்கு நேரம் கிடையாது, ஆகவே மணம் குறைவு, அரிசியும் வெளுப்பாக வரும். வெந்நீர் முறையிலும் சத்துக் கசியும். பிஓடி முற்றாகப் போய்விடாது. அமிலமும் நாற்றமும் தொட்டிக்குள் உண்டாவதுதான் குறைகிறது. ஊறவைக்க முன் நெல்லைத் தூற்றிப் பதரையும் தூசியையும் எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். ஒருமுறை ஊறிய தண்ணீரை அடுத்த ஈட்டுக்கும் பாவிக்கும் ஆலைகள் உண்டு. அதைக் கூட்டிக்கொண்டே போனால் அரிசியின் நிறம் மங்கும், மணம் பிடிக்கும். மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்க வரும் வாடிக்கையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இனி அந்த நல்ல தொட்டி. 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்சே லெற்றிங்கா என்ற பொறியியலாளர் பீற்சீனி ஆலைகளின் கழிவுநீருக்காக ஒரு முறையைக் கண்டார். தண்ணீர் தொட்டியின் அடியால் நுழைந்து மெல்ல மேலே எழும்பும். அடியில் காற்றில்லாமல் வாழும் நுண்ணங்கிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடுகளவு கறுப்பு மணிகளாகத் திரண்டு, ஒரு தடித்த படுக்கையாகக் கிடக்கும். ஒரு கூட்டம் சீனியை அமிலமாக்கும், அடுத்த கூட்டம் அதை அசற்றிக் அமிலமாக உடைக்கும், கடைசிக் கூட்டம் அதிலிருந்து மெதேன் வாயுவை விடும். வாயு மேலே உள்ள கூண்டில் சேரும், மணிகள் கனத்தால் திரும்ப அடிக்குப் போகும், தெளிந்த தண்ணீர் விளிம்பால் வழியும். உள்ளே அசையும் பொறி ஒன்றும் இல்லை. லெற்றிங்கா இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பிரேசிலில் புழுங்கல் அரிசி செய்யும் தென்மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல் வரை இந்த முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

20 தொன் ஆலைக்கு வேண்டிய தொட்டி பெரிதல்ல. தண்ணீர் ஒரு நாள் தங்கினால் போதும் என்று கொண்டால் 20 கனமீற்றர். இரண்டரை மீற்றர் நீளம், அதே அகலம், மூன்றரை மீற்றர் ஆழம். கவனிக்க வேண்டியவை இரண்டு. மெதேன் கூட்டத்துக்கு அமிலம் ஆகாது. பிஎச் 7 ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே தொடக்கத்தில் சுண்ணாம்பு போட வேண்டும், பிறகு வெளிவரும் தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் சுண்ணாம்புச் செலவு குறையும். வெந்நீர்த் தொட்டியிலிருந்து வருவதை 40 பாகைக்குக் கீழே ஆறவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மாட்டுச்சாணக் கரைசலை விதையாக இட்டு, நுண்ணங்கிகள் பெருகி நிலைக்க இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

மெதேன் என்றதும் இலவச எரிவாயு என்று சொல்லி இந்தத் தொட்டியை விற்க வருபவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு தொன் நெல்லின் ஊறல் தண்ணீரிலிருந்து ஒரு கனமீற்றருக்கும் குறைவான மெதேன்தான் கிடைக்கும், அதன் சக்தி 30 மெகாயூல் அளவு. அதே ஒரு தொன் நெல் 200 கிலோ உமி தரும், அதன் சக்தி 2,600 மெகாயூல். உமியின் சக்தியில் ஏறத்தாழ ஒரு வீதம் அளவுக்குத்தான் வாயு. உமி மலையாகக் குவிந்து, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கும் ஆலைக்காரருக்கு எரிவாயுவைக் காட்டி ஆசை மூட்ட முடியாது. ஆலை முதலாளிமார் இதைக் கேட்டுச் சிரிப்பதில் தவறில்லை.

இந்த முறையின் இலாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வழமையான முறையில் தண்ணீருக்குள் காற்றை அடித்துப் பற்றீரியா வளர்ப்பார்கள். 20 தொன் ஆலையின் 30 கிலோ பிஓடியைத் தீர்க்க நாளொன்றுக்கு 30 முதல் 45 அலகு மின்சாரம் வேண்டும். அதோடு உலர்நிறையில் 12 கிலோவுக்கு மேல் சேறு சேரும். தண்ணீரோடு சேர்த்தால் ஒரு தொன்னுக்கு மேல். காற்றில்லா முறையில் காற்றடிக்கும் மின்சாரச் செலவு இல்லை, சேறும் பத்திலொரு பங்களவுக்குக் குறையும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பருவம். நெதர்லாந்தின் பீற்சீனி ஆலைகள் அறுவடைக் காலத்தில் சில மாதம் மட்டும் ஓடுபவை. வன்னியிலும் காலபோக நெல் மாசி பங்குனியில் குவியும், சிறுபோக நெல் ஆவணி புரட்டாதியில் வரும். இடையில் பல ஆலைகள் மந்தமாக ஓடும், சில மூடியே கிடக்கும். காற்றடிக்கும் தொட்டியிலுள்ள பற்றீரியாக்கள் இரை கிடைக்காவிட்டால் வெகுநாள் தாங்காது. லெற்றிங்காவின் கறுப்பு மணிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, அடுத்த போகத்தில் தண்ணீர் வந்ததும் சில நாளில் வேலையைத் தொடங்கிவிடும். போகத்துக்குப் போகம் ஓடும் ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான வேலையாள் கிடைக்காது.

தொட்டியிலிருந்து வெளிவரும் தண்ணீரில் பிஓடி 250 இற்குள் நிற்கும், கொஞ்சம் வாடையும் இருக்கும். சரளைக்கல் பரப்பிச் சம்பு நட்ட ஆழமில்லாத படுக்கையொன்றால் அதை மெல்ல ஓடவிட்டால் 30 வரை இறக்கலாம். அதற்கு ஒன்றேகால் பரப்புக் காணி போதும். கொழும்பில் அந்தக் காணியின் விலையே திட்டத்தைக் கொன்றுவிடும். கிளிநொச்சியில் அப்படியல்ல.

நிலத்துக்குப் பாய்ச்சுவதானால் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீரைப் பயிரும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். 20 கனமீற்றரை அந்த அளவில் பரப்பினால் 4,000 சதுரமீற்றர், அதாவது ஒரு ஏக்கர் நனையும். ஒரு ஆலைக்கு ஒரு ஏக்கர். அதில் மாட்டுக்கு வெட்டும் சிஓ-3 புல்லை நட்டால், தண்ணீரில் இருக்கும் நைதரசனும் பொசுபரசும் பொட்டாசியமும் புல்லாகிப் பாலாகும். நெற்பயிருக்கு இதைத் தொடர்ந்து பாய்ச்சுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நைதரசன் அளவுக்கு மிஞ்சினால் பயிர் உயர்ந்து கதிர்ப் பாரத்தில் சாய்ந்துவிடும். சுத்திகரிக்காத ஊறல் தண்ணீரை நேரே வயலில் விட்டால் வேரைச் சுற்றியுள்ள கொஞ்ச ஒட்சிசனும் போய் வேர் அழுகும்.

ஆலைக்குள்ளேயும் பாவிக்கலாம்: உமிச்சாம்பலை அணைக்க, புகைபோக்கியில் தூசி பிடிக்க, முற்றம் கழுவ. பொயிலருக்கு மட்டும் விடக் கூடாது. நெல்லிலிருந்து இறங்கிய சிலிக்கா குழாய்க்குள் கல்லாகப் படிந்துவிடும்.

கஷ்டம் கார்த்திகையில். வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் கொட்டித் தீர்க்கும். நனைந்த நிலத்துக்கு யாரும் தண்ணீர் பாய்ச்ச முடியாது. வெயிலில் நெல் காயவிடும் சிறிய ஆலைகள் அந்த மாதங்களில் தாமாகவே அவிப்பதை நிறுத்திவிடும், ஆகவே அவற்றுக்கு இது தலையிடி இல்லை. உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய ஆலைகள் நிறுத்தாது. சம்புப் படுக்கை அவற்றுக்குத்தான் கட்டாயம் வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு விடயத்தை நம்பி நிற்கின்றன. ஊறல் தண்ணீரின் அழுக்கு உயிர்கள் தின்னக்கூடிய அழுக்கு. உப்பு அப்படியல்ல. பின்னலாடை ஏற்றுமதி செய்யும் தமிழ்நாட்டுத் திருப்பூரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் எதிர்மின் ஏற்றம் பெறும். அதற்குப் போடும் சாயமும் எதிர்மின் ஏற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கரைத்தால்தான் சாயம் நூலை நெருங்கும். ஒரு லீற்றர் சாயநீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்பு ஒரு துளிகூட ஏறாது, அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். நொய்யல் ஆற்றில் ஆண்டுக்கணக்காக அது ஓடியது. விவசாயத்துக்கென 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனது. அணையைத் திறக்கக் கேட்க வேண்டிய கீழ்ப்பகுதி விவசாயிகள், திறக்காதே என்று வழக்குப் போடும் நிலை வந்தது. நிறத்தை எடுப்பதற்கு அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முன்பே இருந்தன. தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பயிர் செத்தது.

2011 தை மாதம் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம். பட்டறைகள் அந்த முறைக்கு மாறின. உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வுகளுக்கூடாகக் கழிவுநீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். பத்தில் எட்டொன்பது பங்கு தண்ணீர் திரும்பவும் சாயத்தொட்டிக்குப் போகிறது. மிச்சம் நிற்கும் கடும் உப்புநீரைக் காய்ச்ச வேண்டும். ஒரு தொன் தண்ணீரை ஆவியாக்க 620 அலகுக்கு மேல் வெப்பசக்தி வேண்டும். ஆவியை அடுத்தடுத்த கலன்களில் திரும்பத் திரும்பப் பாவித்து அதைக் குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது. கடைசியில் உப்புக் கிடைக்கிறது. அதைச் சுத்தமாகப் பிரித்தால் மறுபடி சாயத்துக்கு உதவும், பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும். திருப்பூர் செய்தது பெரிய சாதனைதான். பின்னலாடை ஏற்றுமதி வருமானம் அதைத் தாங்குகிறது. அரிசி விலை தாங்காது. தாங்க வேண்டிய தேவையும் இல்லை. "திருப்பூர் மாதிரி ஒன்று" என்று இங்கே யாராவது திட்டம் போட்டால் முதலில் கேட்க வேண்டியது உப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

மூன்றாவது வகை அழுக்கை நாங்கள் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் மின்நிலையச் சூழலில் எண்ணெய் நிலத்தடி நீரோடு கலந்து கிணறுகள் பாழாயின. 2019 சித்திரையில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கே மின்நிலையம் நடத்திய நோதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெயை நுண்ணங்கிகள் தின்னும், ஆனால் ஒட்சிசன் எட்டாத பாறை வெடிப்புக்குள் ஆமைவேகத்தில். நிலத்துக்குள் போக முன் பிடித்தால் ஒரு எண்ணெய்ப் பொறியோடு முடிகிற வேலை. போன பிறகு தலைமுறை வேலை.

தொழிற்சாலைகளுக்கு எங்கிருந்து தண்ணீர் கொடுப்பது என்ற கேள்வியும் வன்னியில் சாதாரணமானதல்ல. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்கே விவசாயிகள் சம்மதிக்கவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையத்தை 2024 ஆவணியில் திறக்கும்படி ஆயிற்று. குடிக்கவே கொடுக்காத குளத்தைத் தொழிற்சாலைக்குத் திறந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கழிவுநீரையே திரும்பப் பாவிக்க வேண்டும். சென்னையில் கோயம்பேட்டுச் சாக்கடை நீரைச் சவ்வுகளால் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லீற்றர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019 இல் இயங்கத் தொடங்கியது. மனிதக் கழிவுநீரில் உப்புக் குறைவு, அதனால் சவ்வுக்குச் சுமையும் குறைவு. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைகளின் கழிவுநீரும் அதே வகைதான்.

மாங்குளத்திலும் பரந்தனிலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. பரந்தனுக்கு இது புதிதல்ல. 1950களில் அரசு தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் செய்தது; நாட்டின் குடிநீரைச் சுத்தமாக்கிய குளோரின் இங்கிருந்து போனது. போர் அதை முடித்துவைத்தது. ஆனையிறவு உப்பளம் மீண்டும் இயங்கத் தொடங்கியிருப்பதால் இரசாயனத் தொழில் பரந்தனுக்குத் திரும்பும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லாமல் இல்லை.

அப்படித் திரும்பினால் ஒவ்வொரு வலயத்திலும் தொடக்கத்திலேயே இரண்டு குழாய்கள் வேண்டும்: உப்புத் தண்ணீருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. இரண்டையும் ஒரு பொது நிலையத்தில் கலந்துவிட்டால் நுண்ணங்கிகளுக்கு எளிதான தண்ணீரும் வீணாகிவிடும். ஒரு ஏக்கர் புல்லுக்குப் போயிருக்க வேண்டியது சவ்வுக்கும் கொதிகலனுக்கும் போகும். பரந்தனின் வடிகால்கள் போவது சுண்டிக்குளம், ஆனையிறவுக் கடனீரேரிப் பக்கம். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசிய பூங்கா. அந்தக் கடனீரேரி ஆண்டு முழுவதும் கடலோடு திறந்திருப்பதில்லை, ஆகவே அதில் விடும் உப்புநீர் கடலுக்குப் போய்விடும் என்று சொல்லித் தப்ப முடியாது. கடல்வரை குழாய் போடும் செலவை வலயத்தின் முதல் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும்.

மாங்குளத்துக்கு அந்த வழியும் கிடையாது. கனகராயன் ஆறு அந்தப் பக்கத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்குமிடம் இரணைமடு. மாங்குளத்தில் கரைக்கும் உப்பு இரணைமடுவின் கீழுள்ள வயல்களுக்குத்தான் வரும். அந்த வலயத்தை நெல், பால், பழம் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் தையல் தொழிற்சாலைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, உப்போடு வேலை செய்யும் எதையும் அங்கே அனுமதிக்காமல் விடுவதே சரி.